தீர விசாரிப்பதே மெய்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் ஃபோன் செய்து, "உன் தொழிலைப் பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா, ஆனா பசங்களுக்குப் புரியணும்" என்றார். என் தொழிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வீடியோவில் மனிதர்கள் நடப்பதை, ஓடுவதை, குனிவதை, கை வீசுவதைக் கம்ப்யூட்டரை வைத்து அளப்பது ஒரு வேலை. அப்படி அளந்தது சரிதானா என்று சோதித்துப் பார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவது வேலைக்குக் கிடைக்காது. ஆனால் நான் இன்று பேச வந்திருப்பது அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

சோதித்துப் பார்ப்பது நம் சீர்காழிக்குப் புதிதல்ல. குளக்கரையில் பால் வழிய நின்ற குழந்தையைப் பார்த்து, "யார் கொடுத்த பாலை உண்டாய்? அடையாளம் காட்டு" என்று கோலை ஓங்கிக் கேட்டாராம் தகப்பனார். சம்பந்தப் பெருமானும் விரலை நீட்டி, ஒவ்வோர் அடையாளமாகச் சொன்னார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. ஒருவர் ஒன்றைச் சொன்னால் "அடையாளம் என்ன?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கம்ப்யூட்டர் சொன்னாலும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஒரு மனிதரின் முழங்கை

கணக்கிலே ஆரம்பித்தால் பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவீர்கள். அதனால் கிரிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானம். ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் டெஸ்ட் மேட்ச். கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை "நோ பால்" என்று கை நீட்டினார். கோடு தாண்டியதற்காக அல்ல. "நீ பந்தை வீசவில்லை, எறிகிறாய்" என்பதற்காக. அதாவது முழங்கையை மடக்கி, பந்தை விடும்போது நீட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. ஒரு பந்து வீச்சாளருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே நாளில் முரளி முனையை மாற்றிக்கொண்டு, இன்னொரு நடுவர் ஸ்டீவ் டன் நின்ற பக்கத்திலிருந்து வீசினார். அங்கே யாரும் நோ பால் சொல்லவில்லை. அதே கை, அதே பந்து, அதே மைதானம். இரண்டு பேர் பார்த்தார்கள், இரண்டு தீர்ப்பு. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறினால் அது அளவுகோல் ஆகுமா? பொறியாளர் மூளை அங்கேதான் விழித்துக்கொள்ள வேண்டும்.

முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. கை எப்போதும் சற்று வளைந்தே இருக்கும். 1996இல் பெர்த்தில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவருடைய பந்து வீச்சைப் பல கேமராக்களை வைத்து ஆராய்ந்தார்கள். எறிவது போலத் தெரிவது கண்ணுக்கு ஏற்படும் மயக்கம் என்ற முடிவு வந்தது. ஐ.சி.சி. அவரை அனுமதித்தது. ஆனாலும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் மறுபடியும் ஒரு நடுவர் நோ பால் சொன்னார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை போய் நின்றுவிட்டார்.

அரிவாளும் நிழலும்

கண் எப்படி மயங்குகிறது? வீட்டுக்குப் போய் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கருக்கரிவாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு அறையில் ஒரு விளக்கு. அரிவாளை விளக்குக்கு முன் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். சுவரில் விழும் நிழல் ஒரு நிலையில் நன்றாக வளைந்து தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வளைவு குறையும். ஒரு கட்டத்தில் நிழல் நேர்க்கோடாகவே ஆகிவிடும். அரிவாள் நிமிர்ந்துவிட்டதா? இல்லை. அது இரும்பு. நிழல்தான் நிமிர்ந்தது.

டி.வி.யில் நாம் பார்ப்பது மனிதரை அல்ல, மனிதரின் நிழலை. நீளம், அகலம், ஆழம் என்ற மூன்றில் ஆழம் படத்தில் தொலைந்துபோகிறது. வளைந்த கை தோளில் சுழலும்போது, கேமராவில் அது நீளுவது போலத் தெரியும். ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு "முழங்கை நீண்டது" என்று சத்தியம் செய்ய முடியாது. அதே காரணத்தால் "நீளவில்லை" என்றும் சத்தியம் செய்ய முடியாது. இதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்தது வேகம். நம் நாட்டு டி.வி. ஒளிபரப்பு வினாடிக்கு 25 படம் என்ற கணக்கில் அமைந்தது. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 40 மில்லி வினாடி இடைவெளி. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை ஏறத்தாழ வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் கிடைப்பது இரண்டு மூன்று படம். இரண்டு மூன்று படத்தை வைத்துக்கொண்டு எந்தக் கணத்தில் என்ன ஆயிற்று என்று எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்தில் வினாடிக்கு 250 படம் எடுத்தால், அதே நேரத்தில் 25 படம் கிடைக்கும். அப்போதுதான் கதை முழுதாகத் தெரியும்.

ஆகவே ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்? தோள், மேற்கை, முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னக் குண்டுகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் பல கேமராக்கள். ஒவ்வொரு குண்டையும் இரண்டு மூன்று கேமராக்களாவது ஒரே நேரத்தில் பார்த்தால், அது இருக்கும் இடத்தை மூன்று அளவிலும் கணக்கிட்டுவிடலாம். 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' படத்திலும் நடிகர்களின் உடலில் குண்டுகளை ஒட்டித்தான் அசைவைப் பதிவு செய்தார்கள். ஆனால் சினிமாவில் தப்பு வந்தால் ஓவியர் உட்கார்ந்து சரி செய்துவிடுவார். ஒரு மனிதரின் நாணயத்தைத் தீர்மானிக்கும் அளவீட்டில் அப்படித் திருத்த ஒருவருக்கும் உரிமை இல்லை.

அளந்ததும் சட்டமே மாறியது

2004இல் முரளியின் 'தூஸ்ரா' பந்தின் மேல் புகார் வந்தது. பெர்த்தில் அளந்தார்கள். முழங்கை சராசரியாக 14 டிகிரி நீளுகிறது என்று வந்தது. பயிற்சிக்குப் பின் அது 10 டிகிரி அளவுக்குக் குறைந்தது. அன்றைய விதிப்படி சுழற்பந்து வீச்சாளருக்கு 5 டிகிரிதான் அனுமதி. மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10. முரளி குற்றவாளி என்றுதானே ஆகிறது?

அங்கேதான் ஒரு நல்ல கேள்வி பிறந்தது. "அவரை அளந்தோம் சரி, மற்றவர்களை அளந்தோமா?" அதே 2004இல் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராஃபி போட்டியில் பந்து வீச்சாளர்களை அதிவேகக் கேமராவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கை சுத்தம் என்று உலகமே மெச்சியவர்களின் முழங்கையும் ஓரளவு நீளத்தான் செய்தது. வேறுபாடு அளவில்தான். நீளவே கூடாது என்ற பழைய எண்ணமே மனித உடலுக்குப் பொருந்தாதது என்று புரிந்தது. 2005 மார்ச் 1 முதல் எல்லா வகைப் பந்து வீச்சாளருக்கும் 15 டிகிரி வரை அனுமதி என்று விதி மாறியது. முரளி 2010 ஜூலையில் காலேயில் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார்.

இந்தக் கதையை நான் முரளி ரசிகனாகச் சொல்லவில்லை. (ரசிகன்தான், அது வேறு விஷயம்.) சந்தேகப்பட்ட ஒருவரை மட்டும் அளந்தால் அது விசாரணை ஆகாது. எல்லோரையும் அதே கோலால் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

இன்று இதற்காகப் பெர்த் வரை போக வேண்டியதில்லை. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையம் 2014இல் ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்றது. தடை செய்யப்பட்டிருந்த பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சயீத் அஜ்மல் 2015 ஜனவரியில் அங்கே வந்து சோதனைக்கு உட்பட்டார். பிப்ரவரியில் மறுபடி வீச அனுமதி கிடைத்தது. நம்மிடமிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் அப்படி ஓர் இடம் இருப்பதே நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

95 சதவீதம் என்றால் என்ன?

இனி உங்கள் பக்கம் வருகிறேன், தம்பி தங்கைகளே. இப்போது குண்டு ஒட்ட வேண்டியதில்லை. சாதாரண வீடியோவைக் கொடுத்தால் புரோகிராமே மூட்டுகளைக் கண்டுபிடித்துப் புள்ளி வைக்கிறது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்போஸ்' 2017 வாக்கில் பரவலாயிற்று. கூகுளின் 'மீடியாபைப்' செல்போனிலேயே உடலில் 33 புள்ளி வைக்கிறது. உங்கள் புராஜெக்ட் அறிக்கைகள் சிலவற்றைப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வரி: "துல்லியம் 95 சதவீதம்." எதன் மேல் 95? எந்தக் கோலால் 95?

ஒரு கோலைச் சொல்கிறேன். 2014இல் வெளியான 'எம்.பி.ஐ.ஐ.' என்ற படத் தொகுப்பில் ஏறத்தாழ 25,000 படங்கள் உண்டு. அதோடு வந்த மதிப்பெண் முறை இது: புரோகிராம் வைத்த புள்ளி, மனிதர் வைத்த புள்ளியிலிருந்து தலையின் நீளத்தில் பாதிக்குள் இருந்தால் "சரி" என்று மதிப்பெண். தலை 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 சென்டிமீட்டர் வரை தள்ளியிருக்கலாம். முன்கையின் நீளம் 25 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். மணிக்கட்டுப் புள்ளி பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் முழங்கைக் கோணம் எவ்வளவு தவறும்? பிளஸ் டூ முக்கோணவியல்தான். ஏறத்தாழ 22 டிகிரி!

பாருங்கள் கூத்தை. கிரிக்கெட் சட்டம் அனுமதிப்பதே 15 டிகிரி. இந்தக் கோலில் 22 டிகிரி தவறினாலும் "சரி" என்று மதிப்பெண் விழும். அந்தக் கோல் கெட்டதா? இல்லை. "படத்தில் ஆள் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா" என்று கேட்டால் அது நல்ல கோல். நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டு தங்கம் நிறுத்தால் குற்றம் மரக்கால் மேலா?

இன்னொரு கோல், ஒவ்வொரு மூட்டும் எத்தனை மில்லிமீட்டர் தவறியது என்று பார்த்துச் சராசரி போடுவது. 'ஹியூமன் 3.6எம்' என்ற புகழ்பெற்ற தொகுப்பில் இப்படித்தான் ஒப்பிடுவார்கள். 11 நடிகர்கள், 36 லட்சம் உடல் நிலைகள், குண்டு ஒட்டி அளந்த உண்மை அளவு. அருமையான வேலை. ஆனால் சராசரி என்பது பல தவறுகளை ஒளித்து வைக்கும் பெட்டி. இடுப்பும் தோளும் மெதுவாக அசையும், நன்றாகத் தெரியும். அங்கே தவறு குறைவு. மணிக்கட்டும் கணுக்காலும் வேகமாக ஓடும், அடிக்கடி மறையும். அங்கே தவறு அதிகம். சராசரியில் நல்ல பிள்ளை கெட்ட பிள்ளையைக் காப்பாற்றிவிடும். உங்களுக்கு வேண்டிய மூட்டு எதுவோ அதன் தவறைத் தனியாகக் கேளுங்கள். அந்தத் தொகுப்பு ஆய்வுக்கூடத்துக்குள் எடுத்தது என்பதையும் மறக்காதீர்கள்.

நடவு வயலில் நான் கற்றது

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே இந்தத் தவறைச் செய்தவன்.

சில வருஷத்துக்கு முன்னால், நடவு நடும் பெண்கள் நாளெல்லாம் எவ்வளவு குனிகிறார்கள் என்று அளக்க ஆசைப்பட்டேன். எங்கள் பக்கத்து வயலில், நடவு ஆட்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு வரப்பில் நின்று செல்போனில் படம் எடுத்தேன். வீட்டில் வந்து புரோகிராமை ஓட்டினேன். அழகாகக் கோடும் புள்ளியும் வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கால் சேத்துக்குள்ள இருக்கு. இந்த மிஷினுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. கணுக்கால் சேற்றுக்குள் இருந்தது. புரோகிராம் "தெரியவில்லை" என்று விடாமல், இங்கே இருக்கலாம் என்று ஊகித்து அங்கே ஒரு புள்ளி வைத்திருந்தது. பார்த்த புள்ளியும் ஊகித்த புள்ளியும் திரையில் ஒரே நிறம். இந்தப் புரோகிராம்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பிக்கை எண்ணும் தருகின்றன. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

அப்புறம் இடுப்பு. புடவைக்கு மேலே ஆண் சட்டை போட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்பவருடைய இடுப்பு மூட்டு எங்கே? நானும் இரண்டு நண்பர்களும் ஒரே படத்தில் தனித்தனியாகப் புள்ளி வைத்தோம். மூன்று பேர் புள்ளியும் மூன்று இடம். மனிதர்களுக்கே உடன்பாடு இல்லாத இடத்தில், எதை உண்மை என்று வைத்துக்கொண்டு மிஷினுக்கு மதிப்பெண் போடுவது? மெல்போர்னில் இரண்டு நடுவர்கள் நின்ற அதே இடத்தில்தான் நாங்கள் மூவரும் நின்றோம்.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டு பெண்கள் நாற்று முடிச்சு எடுக்கக் குறுக்கே நடந்தார்கள். புரோகிராம் ஆளை மாற்றிவிட்டது. இவர் அவரானார், அவர் இவரானார். அதற்குப் பிறகு கடைசி வரை கணக்கு மாறியே ஓடியது. பலரைப் பின்தொடரும் முறைகளுக்கு 2008இல் வந்த 'மோட்டா' என்ற மதிப்பெண்ணில் இப்படி ஆள் மாறுவது ஒரே ஒரு தவறாகத்தான் எண்ணப்படும். ஆயிரம் படத்தில் ஒரு தவறு. மதிப்பெண் குறையவே குறையாது. இந்தக் குறையைப் பார்த்துத்தான் 2020இல் 'ஹோட்டா' என்ற வேறு முறையைக் கொண்டு வந்தார்கள். ஆளைக் கண்டுபிடித்ததற்கும், அதே ஆளைக் கடைசி வரை விடாமல் பிடித்ததற்கும் அதில் தனித்தனிக் கணக்கு உண்டு. நாளைக்கு எவனாவது இந்தக் கேமராவை வைத்துக் கூலி கணக்குப் போட்டால் என்ன ஆகும்? ஒருத்தி நட்டதற்கு இன்னொருத்திக்குக் கூலி. கேட்டால், "கம்ப்யூட்டரே சொல்லுது, 95 சதவீதம் கரெக்ட்" என்பார்கள். அந்த அம்மா எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய் முறையிடுவார்? முரளிக்காவது பின்னால் ஒரு கிரிக்கெட் வாரியம் இருந்தது.

நான் அந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, சோதிக்கும் முறையை முதலில் ஒழுங்கு செய்தேன். இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மாணவர்கள் குறித்துக்கொள்வதற்காக ஐந்து கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: உண்மை அளவு எங்கிருந்து வந்தது? குண்டு ஒட்டி அளந்ததா, மனிதர் கையால் புள்ளி வைத்ததா? மனிதர் என்றால் எத்தனை பேர், அவர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு?

இரண்டு: நான் கேட்கும் கேள்விக்கு இந்தக் கோல் பொருத்தமா? கோணம் வேண்டுமென்றால் டிகிரியில் தவறைச் சொல்லுங்கள். தவறின் வகையையும் சொல்லுங்கள். முழங்கைக் கோணம் எப்போதும் 5 டிகிரி கூடுதலாகவே காட்டினால் எவ்வளவு நீண்டது என்ற கணக்கில் அது கழிந்துவிடும். படத்துக்குப் படம் ஆடினால் கழியாது. ஆட்டத்தைக் குறைக்கப் புள்ளிகளை மென்மைப்படுத்தினால், உண்மையான வேகமும் சேர்ந்து மழுங்கும்.

மூன்று: யார் மேல் சோதித்தீர்கள்? பேன்ட் சட்டை போட்டு ஹாலில் நடந்தவர் மேல் சோதித்துவிட்டு, வேட்டி புடவை கட்டியவருக்கும், வயலில் நிற்பவருக்கும், கை கால் ஊனமுற்றவருக்கும் பொருந்தும் என்று சொல்லாதீர்கள். முரளியின் கையே சராசரிக் கை அல்ல.

நான்கு: சோதனைக்கூடத்தில் நடப்பதும் களத்தில் நடப்பதும் ஒன்றா? குண்டுகளை ஒட்டிக்கொண்டு வீசுபவர் மேட்சில் வீசுவது போலவே வீசுகிறாரா என்பது கிரிக்கெட்டில் இன்றும் தொடரும் கேள்வி.

ஐந்து: தெரியாதபோது "தெரியவில்லை" என்று உங்கள் புரோகிராம் சொல்கிறதா? சொல்லாது என்றால் அதை ஒரு மனிதருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

நம் கல்லூரியைச் சுற்றி வயல் இருக்கிறது. நடவும் அறுப்பும் நடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் மாலையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களின் தொகுப்புகளில் இந்த உடையும் இந்த வேலையும் இந்த வெயிலும் கிடைப்பது அரிது. சம்மதம் கேட்டு, பெயரும் முகமும் வெளியே போகாமல் காத்து, மூன்று நான்கு பேர் தனித்தனியாகப் புள்ளி வைத்து, அவர்களுக்குள் எத்தனை வேறுபாடு என்றும் எழுதி வைத்து, ஒரு சிறு சோதனைத் தொகுப்பை நம் மாணவர்களே உருவாக்க முடியும். நூறு படம் ஒழுங்காகச் செய்தாலே போதும். அதற்கு வேண்டிய கேமராவையும் கம்ப்யூட்டரையும் எங்கள் வருஷத்து நண்பர்கள் சேர்ந்து வாங்கித் தருவதாக இங்கே வருமுன் பேசிவிட்டோம். வழிகாட்ட நானும் மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கேமராவின் கண்ணுக்கும் அது பொருந்தும்.